கண்ணுக்கும் வாய்க்கும்: வாசகர் கேள்வி – பதில்

"சென்னையில் வெளியே சாப்பிடுவது, படம் பார்ப்பது, போட்டோ எடுப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று போன இதழில் வாய் கொடுத்துவிட்டேன். கடிதமும் வாட்ஸப்புமாகக் குவிந்துவிட்டது. "ஊரிலேயே சிறந்த பிரியாணி எது?" என்று கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும், அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. மற்றவற்றில் சில இங்கே.

ஞாயிற்றுக்கிழமை, கையில் 500 ரூபாய். நல்ல சாப்பாடு, ஒரு படம், இன்ஸ்டாவில் போட நாலு போட்டோ. முடியுமா அக்கா?
– கல்லூரி மாணவர், வண்ணாரப்பேட்டை

தாராளமாக முடியும் தம்பி. ஆனால் ஞாயிறுதானே என்று பத்து மணி வரை போர்த்திக்கொண்டு தூங்கினால் முடியாது.

விடிவதற்குள் வண்ணாரப்பேட்டையில் மின்சார ரயில் ஏறு. பீச் ஸ்டேஷனில் இறங்கிப் பறக்கும் ரயிலுக்கு மாறு, திருமயிலையில் இறங்கு. மெட்ரோ வேலைக்காக அங்கங்கே தகரம் அடித்திருப்பார்கள், சுற்றிக்கொண்டு கபாலீசுவரர் கோயிலின் கிழக்கு மாட வீதிக்குப் போ. பெரிய ராஜகோபுரம் கிழக்குப் பக்கம்தான் இருக்கிறது, அதனால் காலை வெயில் நேராக அதன்மேல் விழும். ஏழரை மணிக்கு மேல் வெயில் ஏற ஏறப் பொம்மைகளின் முகமெல்லாம் வெளிறிப்போகும். கோபுரத்தின் காலடியில் நின்று அண்ணாந்து எடுக்காதே, கோபுரம் பின்னால் சாய்ந்து விழுகிற மாதிரி வரும். வீதியில் நன்றாகப் பின்னால் தள்ளி நின்று போனில் 2எக்ஸ் வைத்து எடு. பூக்கடையும் சைக்கிளும் கீழே வரட்டும், அப்போதுதான் அது எந்த ஊர்க் கோபுரம் என்று தெரியும். குளத்தில் கோபுர நிழல் விழும் படம்தான் வேண்டுமென்றால் அது சாயங்கால வேலை. குளமும் மேற்குக் கோபுரமும் அந்தப் பக்கம். காலையில் அங்கே நின்றால் கோபுரம் கருப்பாகத்தான் விழும்.

பசி வந்திருக்கும். அருண்டேல் தெருவில் ராயர் மெஸ். சின்ன இடம், வெளியே நாலு பேர் நிற்பார்கள், நீயும் நில். பொங்கல், வடை, அந்தக் கெட்டிச் சட்னி. அவசரப்படாதே, ஆனால் சாப்பிட்டு முடித்தபின் இலையைப் பார்த்துக்கொண்டும் உட்காராதே. உன் நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அப்புறம் மாட வீதி முனையில் காளத்தி கடையில் ஒரு ரோஸ் மில்க். 1927-இல் பத்திரிகைக் கடையாக ஆரம்பித்தது, இன்றைக்கு ஊர் பேசுவது ரோஸ் மில்க்கைப் பற்றித்தான்.

படத்துக்கு மறுபடியும் பறக்கும் ரயில், சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கு. கேசினோவும் தேவியும் நடக்கிற தூரம். மல்டிபிளெக்ஸ்தான் வேண்டுமென்றால் முன்வரிசை டிக்கெட் அறுபது ரூபாய் வாக்கில் கிடைக்கும், கொஞ்சம் முன்கூட்டியே பார்த்து வை. படம் விட்டதும் அதே ரயிலில் பீச். அங்கே அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ்; அதைப் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன். பீச்சிலிருந்து உன் வீட்டுக்கு நடுவில் ராயபுரம் ஒன்றுதான். கணக்குப் போட்டுப் பார், பாக்கி இருக்கும்.

எனக்கு 52 வயது. தனியாக ஹோட்டலுக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட ஆசை. போனால் எல்லோரும் என்னையே பார்ப்பது போல இருக்கிறது. என்ன செய்வது?
– இல்லத்தரசி, பெரம்பூர்

அம்மா, இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம். யாரும் பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பார்ப்பார்கள். ஆனால் இட்லி வரும் வரைதான் பார்ப்பார்கள். அவரவர் தட்டு வந்துவிட்டால் உங்களை யார் பார்க்கப்போகிறார்கள்?

நான் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தது போட்டோ பிரின்ட் போடும் கலர் லேபில் வேலை பார்த்தபோது. மதியம் எல்லோரும் டப்பா திறப்பார்கள், நான் இறங்கித் திருவல்லிக்கேணிப் பக்கம் போய்விடுவேன். முதல் பிரச்சினை சர்வர்தான். "எத்தனை பேரு?" என்பார். "ஒருத்தர்" என்று சொல்லும்போது குரல் இறங்கக் கூடாது, அவ்வளவுதான். குரல் இறங்கினால் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேஜையைக் காட்டுவார். நீங்களே ஒரு இடத்தைப் பார்த்து, "அங்கே உட்கார்றேன்" என்று சொல்லிக்கொண்டே நடந்துவிடுங்கள்.

நேரமும் முக்கியம். பதினொன்றரை மணி நல்ல நேரம்: டிபன் கூட்டம் போயிருக்கும், சாப்பாட்டுக் கூட்டம் வந்திருக்காது, சாம்பார் புதிதாக இறங்கியிருக்கும். மூன்றரை மணியும் நல்லது, பஜ்ஜியும் காபியும் வரும் நேரம். சுவரைப் பார்த்து உட்காராதீர்கள், வாசலைப் பார்த்து உட்காருங்கள். வேடிக்கை பார்ப்பது நீங்களாக இருக்கலாம். முதல் தடவைக்கு ரத்னா கஃபே போங்கள். 1948-லிருந்து இருக்கிறது, இட்லிமேல் அவர்கள் சாம்பார் ஊற்றுகிற ஊற்றலில் யார் தனியாக வந்தார்கள், யார் கூட்டமாக வந்தார்கள் என்று ஒரு மனிதருக்கும் ஞாபகம் இருக்காது. இன்னொன்று, போனை எடுத்து வைத்துக்கொண்டு யாருடனோ பேசுகிற மாதிரி பாவனை வேண்டாம். உங்களுக்கு ஆசை சாப்பிடத்தானே? சாப்பிடுங்கள். வீட்டுக்குப் பார்சல் வாங்கிப் போக வேண்டிய கட்டாயமும் இல்லை.

பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' போடுகிறார்கள். கொடுத்தே ஆகவேண்டுமா?
– வாசகர், அண்ணா நகர்

வேண்டாம். 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்ன வழிகாட்டுதல் இதுதான்: பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. ஹோட்டல்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. "எடுத்துடுங்க" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள், சண்டை போடுகிற குரலில் வேண்டாம். ஜி.எஸ்.டி. வேறு, அதைக் கட்டத்தான் வேண்டும். அப்புறம், பரிமாறியவர் கையில் டிப்ஸ் கொடுக்க மறக்காதீர்கள். சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொன்னதோடு அதையும் சேர்த்து மிச்சம் பிடிப்பவர்களை எனக்குப் பிடிக்காது.

இட்லியிலிருந்து ஆவி பறப்பது நேரில் அழகாக இருக்கிறது, போட்டோவில் வருவதே இல்லை. ஏன்?
– ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

நீங்கள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், வெளிச்சம் தட்டின்மேல் விழட்டும் என்று. சட்னிக்கு அது சரி, ஆவிக்கு ஆகாது. ஆவி என்பது பொடிப்பொடி நீர்த்துளி. வெளிச்சம் அதற்குப் பின்னாலிருந்து வந்தால்தான் துளிகள் ஒளிரும். பின்னணியும் இருட்டாக இருக்க வேண்டும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளை ஆவி எப்படித் தெரியும்?

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஜன்னல் எதிரே, கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கிற மாதிரி உட்காருங்கள். தட்டு உங்களுக்கும் ஜன்னலுக்கும் நடுவில். தட்டுக்குப் பின்னால் ஏதாவது கருப்பாக வரட்டும்: மர நாற்காலியின் முதுகு, எதிரே உட்கார்ந்திருக்கிற நண்பரின் நீலச் சட்டை. போனை மேலிருந்து பிடிக்காமல் டம்ளர் உயரத்துக்கு இறக்குங்கள். திரையில் இட்லியைத் தொட்டு, வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். இப்போது, இப்போதுதான், இட்லியைப் பிட்டுப் பிளக்க வேண்டும். உள்ளே அடைபட்டிருந்த ஆவி ஒரேயடியாகக் கிளம்பும். அந்தச் சில நொடிக்குள் எடுத்தால் உண்டு. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் அதுவும் கிடையாது.

ராத்திரி, டியூப் லைட் மட்டும்தான் என்றால் வேறு தொல்லை. படத்தின் குறுக்கே கோடு கோடாக இருட்டுப் பட்டை விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு நூறு தடவை மங்கித் தெளிகிறது, கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். போன் கேமராவில் ப்ரோ மோட் (நாமே அளவுகளை மாற்றும் வசதி) இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் பட்டை போய்விடும். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோட் மட்டும் வேண்டாம். எவர்சில்வர் டம்ளரின் விளிம்பு எங்கே முடிகிறது என்று அதற்கு இன்னும் பிடிபடவில்லை, பாதி டம்ளரைக் கரைத்துவிடும்.

முதல் நாள் முதல் காட்சியில் ஹீரோ என்ட்ரியை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாமா? பத்து செகண்டுதானே.
– ரசிகர், வியாசர்பாடி

வைக்கக் கூடாது கண்ணா. 2023-இல் திருத்தப்பட்ட சினிமாட்டோகிராஃப் சட்டப்படி, அனுமதியில்லாமல் தியேட்டரில் படத்தைப் பதிவுசெய்வது குற்றம். தண்டனை 3 மாதத்திலிருந்து 3 வருடம் வரை சிறை. அபராதம் 3 லட்சத்தில் ஆரம்பித்து, படத்தின் மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகும். உன் ஹீரோ படத்தின் பட்ஜெட்டை நினைத்துப் பார். வெளியே கட்அவுட்டை எடு, மேளத்தை எடு, பேப்பர் பறக்கிறதை எடு. திரை பக்கம் போனைத் திருப்பாதே. பின் சீட்டுக்காரர் கண்ணில் உன் போன் வெளிச்சம் அடிப்பதற்குத் தனிச் சட்டம் இல்லை, இருந்திருக்க வேண்டும்.

நான் சின்ன வயதில் படம் பார்த்த மவுண்ட் ரோடு தியேட்டர்களில் பாதியைக் காணோம். எது எது மிச்சம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பத்தூர்

ஐயா, என் அப்பா அந்த ரோட்டில் ஒரு தியேட்டரில் புரொஜக்டர் ஆபரேட்டர். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சஃபையர் 1964-இல் வந்தது, 1994-இல் மூடினார்கள். ஒரே கட்டடத்தில் சஃபையர், ப்ளூ டயமண்ட், எமரால்டு என்று மூன்று. அதில் ப்ளூ டயமண்ட்தான் வேடிக்கை: படம் ஓடிக்கொண்டே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். கிளைமாக்ஸிலிருந்து பார்க்க ஆரம்பித்து, அடுத்த ஓட்டத்தில் ஆரம்பத்தைப் பார்த்து, கதையைத் தாங்களே ஒட்டிக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். ஏசிக்காகவே மத்தியானம் பூரா உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு. சாந்தி 1961, மூடியது 2016. மவுண்ட் ரோடு இல்லையென்றாலும் அசோக் நகர் உதயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம்: 1983-இல் வந்தது, 2024-இல் போனது.

இருப்பவை: 1941-இன் கேசினோ இருக்கிறது. 1970-இன் தேவி இருக்கிறது. தேவி பாரடைஸுக்கு ஏறிப் போகிற அந்தச் சுற்றுச் சரிவுப் பாதையில் குழந்தைகள் இன்னும் ஓடுகிறார்கள், அப்பாக்கள் இன்னும் பின்னால் கத்திக்கொண்டே வருகிறார்கள். இவற்றுக்கெல்லாம் பாட்டன் 1913-இன் எலெக்ட்ரிக் தியேட்டர். அந்தக் கட்டடம் அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்துக்குள் இருக்கிறது. தபால்தலை சேகரிப்பாளர்களுக்கான பிரிவு அங்கே. படம் ஓடாத தியேட்டர்தான், ஆனால் ஒருநாள் போய்ப் பாருங்கள்.

அப்பா சொல்லிக் கொடுத்த ஒன்று: பிலிம் காலத்துப் படங்களில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டப் புள்ளி சட்டென்று வந்து மறையும். இரண்டாயிரம் அடி ரீல் ஏறக்குறைய 22 நிமிடம் ஓடும். முதல் புள்ளி வந்ததும் அடுத்த புரொஜக்டரின் மோட்டாரைப் போட வேண்டும், இரண்டாவது புள்ளியில் மாற்றிவிட வேண்டும். அப்பாவோடு படம் பார்க்கப் போனால் அவர் கதையைப் பார்க்க மாட்டார், அந்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். புள்ளி வந்தால் தொடையில் விரலால் தட்டுவார். டிஜிட்டல் வந்தபின் புள்ளி இல்லை. பழைய படங்களை டிவியில் போடும்போது சில பிரதிகளில் இன்றைக்கும் தெரியும், தேடிப் பாருங்கள்.

தியேட்டருக்குள் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகக் கூடாது என்கிறார்களே, நியாயமா?
– வாசகி, தாம்பரம்

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைப் பேசிவிட்டது. வெளிச் சாப்பாட்டைத் தடுக்கத் தியேட்டர்காரருக்கு உரிமை உண்டு. ஆனால் சுத்தமான குடிநீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்குக் கொண்டுவரும் உணவைத் தடுக்கக் கூடாது. பெரும்பாலும் பாத்ரூம் பக்கம் ஒரு மூலையில் தண்ணீர் இயந்திரம் இருக்கும், பாப்கார்ன் கவுன்டருக்குப் பக்கத்தில் மட்டும் இருக்காது. கேட்டால் காட்டுவார்கள். கேட்க வேண்டும்.

பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்கிறார்களே, போய் எப்படிக் கேட்பது, எது வாங்குவது?
– புதிதாகச் சென்னை வந்த வங்கி ஊழியர், மந்தைவெளி

சாயங்காலம் போங்கள். ஸ்டேஷனுக்கு எதிரே செகண்ட் லைன் பீச் ரோட்டில் வண்டிகள் வரிசையாக நிற்கும். 1960-களில் பர்மாவில் ஆட்சி மாறியபின் அங்கிருந்து கப்பலேறித் திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. பக்கத்திலேயே பர்மா பஜார் இருப்பதும் அவர்களால்தான்.

வண்டிக்காரர் கையைப் பாருங்கள். ஒரு பேசினில் ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு பிடி போடுவார். மேலே பொடியாகச் சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம், கொத்தமல்லி. புளித்தண்ணீர், உப்பு, வறமிளகாய்த் தூள், பூண்டு காய்ச்சிய எண்ணெய் ஒரு கரண்டி. கடைசியில் தட்டை மாதிரி மொறுமொறுப்பான ஒன்றை உள்ளங்கையில் நொறுக்கிப் போட்டு, கரண்டியே இல்லாமல் கையாலேயே பிசைவார். சூடாக இருக்காது, இருக்கவும் கூடாது. சூடு வேண்டுமென்றால் கூடவே கொடுக்கிற வாழைத்தண்டு சூப். அதை நடுநடுவே குடிக்க வேண்டும், முதலிலேயே குடித்து முடித்துவிடாதீர்கள். அவித்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயமும் பூண்டும் அடைத்துத் தருவார்கள். அது ஒன்று கட்டாயம். சைவம் என்றால் ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். "காரம் கம்மி" என்பதையும் அவர் மிளகாய்த் தூளில் கை வைக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஆபீஸ் வெள்ளைச் சட்டையோடு போகாதீர்கள்.

காசிமேட்டில் மீனவர்களைப் படம் எடுக்க ஆசை. கோபப்படுவார்களா?
– கேமரா புதிதாக வாங்கியவர், கொளத்தூர்

வேலை நேரத்தில் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டினால் நானும் கோபப்படுவேன். விடியற்காலை ஏலம் நடக்கும்போது ஒவ்வொரு நொடியும் அவர்களுக்குக் காசு. கூடை வருகிற வழியில் நிற்காதீர்கள், பையைக் கீழே வைக்காதீர்கள், வழுக்காத செருப்புப் போடுங்கள். முதலில் கேமராவை மூடியே வைத்துவிட்டு ஒரு டீ குடியுங்கள். அரைக் கிலோ மீன் வாங்குங்கள், விலை பேசுங்கள். மீன் விற்கிற அம்மாவிடம் "ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் பாதிப் பேர் சேலையைச் சரிசெய்துகொண்டு சிரிப்பார்கள், மீதிப் பேர் "வேணாம் போ" என்பார்கள். வேணாம் என்றால் வேணாம்தான், தூரமாகப் போய் ஜூம் போட்டு எடுப்பது திருட்டு.

எடுத்த படத்தை மேக்ஸி சைஸில் பிரின்ட் போட்டு அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுங்கள். இதை நான் லேபில் இருந்த காலத்திலிருந்து சொல்லி வருகிறேன். வாட்ஸப்பில் அனுப்புவது வேறு, கையில் ஒரு பிரின்ட் கொடுப்பது வேறு. அதற்கப்புறம் நீங்கள் கேமராவை எடுக்க மறந்தால் அவர்களே கேட்பார்கள்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஏல அமளி குறைவு, ஆனால் படகுகள் எல்லாம் கரையில் நெருக்கியடித்து நிற்கும். பெயின்ட் அடிப்பது, பழுது பார்ப்பது, வலை பின்னுவது என்று வேறு வேலைகள் நடக்கும். பேசுவதற்கும் அவர்களுக்கு நேரம் இருக்கும். கேமரா புதிது என்றால் முதலில் அந்த மாதங்களில் போவதே நல்லது.

என் கணவர் ஹோட்டலில் எது வந்தாலும் பத்து போட்டோ எடுத்த பிறகுதான் தொடவிடுகிறார். ஏதாவது வழி சொல்லுங்களேன்.
– வாசகி, நங்கநல்லூர்

ஒரு தட்டுக்கு ஒரு போட்டோ என்று ஒப்பந்தம் போடுங்கள். நெய் ரோஸ்டுக்கு அதுவும் கிடையாது. அவர் கோணம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுனியை ஒடித்துவிடுங்கள்.